லூயிஸ் தீவில் வீடு தேடுகிறவர்களுக்கு: வேலையோடு வரும் வீடா, வாடகையா, சொந்த வீடா, கிராஃப்டா?

"அண்ணா, வேலை கிடைச்சிடுச்சு, ஸ்பான்சர் லெட்டரும் வந்துடுச்சு. வீடுதான் கிடைக்கல. நெட்ல தேடினா மொத்தத் தீவுக்கும் வாடகைக்கு ரெண்டே வீடு காட்டுது. ஒண்ணுக்கு போன் போட்டேன், அது போன மாசமே போயிடுச்சாம்."

திருநெல்வேலிப் பக்கத்து நர்ஸ் ஒருவர் அனுப்பிய குரல் பதிவு இது. வேலை ஸ்டோர்னோவேயில். ஸ்காட்லாந்தின் வடமேற்கே, மேற்குத் தீவுகளில் பெரியதான லூயிஸின் ஒரே டவுன் அது. இதே கேள்வியை இந்த ஆண்டு மட்டும் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய், ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். (தலைப்பிலுள்ள கிராஃப்ட் என்பது இங்கே தனிச் சட்டத்தின் கீழுள்ள சிறு விவசாய நிலம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.)

முதலில் ஒரு வாட்ஸாப் செய்தியைக் குப்பையில் போட்டுவிடலாம். "ஸ்காட்லாந்து தீவில் குடியேறினால் அரசே 50 லட்சம் தருகிறது" என்று ஊரிலிருந்து மாமாக்கள் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். 2021-ல் ஸ்காட்லாந்து அரசு அப்படி ஒரு திட்டத்தைச் சொன்னது உண்மை. இளைஞர்களுக்கும் குடும்பங்களுக்கும் 50,000 பவுண்டு வரை, தீவுகளில் ஆள் குறையாமல் இருக்க. தீவுக்காரர்களே பலர் அதை எதிர்த்தார்கள். "பணம் கொடுத்து ஆளை வரவழைப்பது இருக்கட்டும், வந்தவர்கள் எங்கே தூங்குவார்கள்?" என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. 2022-ல் திட்டம் கைவிடப்பட்டது. தூங்க இடம் எங்கே என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

இங்கே வேலை இருக்கிறது, வீடு இல்லை. ஆளில்லாத வீடுகள் கண்ணெதிரே நிற்கின்றன. சில, கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாரக்கணக்கில் போகின்றன. சில, கிளாஸ்கோவில் இருக்கும் நாலு வாரிசுகளுக்குப் பொதுவில் கிடந்து கூரை இற்றுப்போகின்றன. புதிதாகக் கட்டலாமென்றால் கொத்தனார் கிடைக்க மாதக்கணக்காகும், சிமென்ட்டும் மரமும் பெரும்பாலும் கப்பலில் வர வேண்டும். ஆகவே "எது சிறந்த வீடு?" என்று யோசிப்பதில் பயனில்லை. எந்தக் குறையோடு எத்தனை காலம் வாழ முடியும் என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

வாடகை எவ்வளவு, எத்தனை அறை என்று ஊர் வழக்கப்படி ஆரம்பிக்காதீர்கள். நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் நான்கு.

வேலை போனால் கூரை எத்தனை நாள் நிற்கும்? ஸ்பான்சர் விசாவில் (வேலை கொடுப்பவர் பொறுப்பேற்பதால் கிடைக்கும் விசா) இருப்பவருக்கு இதுதான் முதல் கேள்வி. வேலை முடிந்தால், வழக்கமாக 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சரைப் பிடிக்க வேண்டும், இல்லையேல் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்த 60 நாளில் வீட்டையும் காலி செய்யச் சொன்னால் என்ன ஆகும் என்று இப்போதே யோசித்துவிட வேண்டும்.

ஒரு குளிர்காலத்துக்கு என்ன செலவாகும்? டிசம்பரில் காலை ஒன்பது மணிக்கு மேல் விடிந்து, மாலை மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடும். குளிர்கூடப் பரவாயில்லை, காற்றுதான் ஆள். மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து சுவரில் அறையும். குப்பைத் தொட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். ஸ்டோர்னோவேயில் ஒரு பகுதிக்கு மட்டும் குழாய் கேஸ் உண்டு. மற்ற இடமெல்லாம் எண்ணெய், மின்சாரம், அல்லது பீட். பீட் என்பது சதுப்பு மண்ணைச் செங்கல்போல வெட்டி உலர்த்தி எரிப்பது.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே என்ன சாலை? தீவின் வடமுனையிலுள்ள நெஸ் பகுதி, டவுனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். தெற்கே ஹாரிஸின் டார்பர்ட் சுமார் 60. பெயர் வேறாக இருந்தாலும் லூயிஸும் ஹாரிஸும் ஒரே நிலம்தான், ஆனால் நடுவே மலைப்பாதை. கிழக்கே பாயிண்ட் டவுனுக்குப் பக்கம்தான். இருந்தாலும் அங்கே போகும் ஒரே சாலை பிரே என்ற மண்திட்டின் மேல் செல்கிறது, புயலும் உயரலையும் சேர்ந்து வந்தால் அதை மூடிவிடுவார்கள். நைட் ஷிப்ட் பார்ப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. இந்திய லைசென்ஸை வைத்துப் பன்னிரண்டு மாதம்தான் ஓட்டலாம், அதற்குள் இங்கே டெஸ்ட் எழுதி, ஓட்டிக்காட்டிப் பாஸாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பாதீர்கள்.

நுழைய எத்தனை நாள், வெளியேற எத்தனை நாள்? இரண்டாவதை யாரும் கேட்பதில்லை.

## வேலையோடு வரும் வீடு

மருத்துவமனை, பராமரிப்பு இல்லம், ஹோட்டல், மீன் பண்ணை என்று சில இடங்களில் வேலையோடு ஒரு அறையோ வீடோ தருகிறார்கள். இறங்கிய அன்றே சாவி கையில். முன்பணம் கிடையாது, அல்லது குறைவு. கட்டில், பீரோ, கெட்டில் எல்லாம் இருக்கும். உல்லாபுல்லிலிருந்து இரண்டே முக்கால் மணி நேரக் கப்பல், இரண்டு பெட்டி, தலைசுற்றல் எல்லாவற்றோடும் வந்து இறங்குபவருக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை.

ஆனால் விசாவும் கூரையும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. வேலை நிமித்தம் தரப்படும் இருப்பிடத்துக்கு, சாதாரண வாடகைதாரருக்குள்ள பாதுகாப்பு பல சமயம் இருக்காது. வேலை முடிந்தால் அந்த இருப்புரிமையும் முடிந்துவிடும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். மேலாளரோடு சண்டை வந்தால் வீட்டு நினைவு வந்து வாயை மூடிக்கொள்வோம். அந்தப் பயத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்கு முன் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். வேலை முடிந்தபின் எத்தனை நாள் தங்கலாம், சம்பளத்திலிருந்து எவ்வளவு பிடிப்பார்கள், குடும்பம் வந்தால் இடம் உண்டா. குறைந்தபட்ச ஊதியத்தில் இருப்பவரிடம் தங்குமிடத்துக்காக இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது, நாளுக்கு இவ்வளவுதான் என்று சட்டப்படி உச்சவரம்பு உண்டு. மூன்றாவது கேள்வியில்தான் நம்மவர்கள் மாட்டுகிறார்கள். ஒற்றை அறையில் சேர்ந்துவிட்டு, எட்டாம் மாதம் மனைவியும் குழந்தையும் வரும்போது மறுபடி ஆரம்பத்திலிருந்து தேடுகிறார்கள்.

## நீண்டகால வாடகை

சட்டப்படி பார்த்தால் வாடகைக்கு இருப்பவருக்கு ஸ்காட்லாந்து நல்ல இடம். 2017 டிசம்பருக்குப் பிறகு தொடங்கிய தனியார் வாடகை ஒப்பந்தங்களுக்கு முடிவுத் தேதி கிடையாது. நீங்கள் கிளம்ப 28 நாள் நோட்டீஸ் போதும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்ல வேண்டுமானால் சட்டத்திலுள்ள 18 காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் குடியிருந்துவிட்டால், விற்கப்போகிறேன் என்றாலும், நானே குடிவரப்போகிறேன் என்றாலும் 84 நாள் நோட்டீஸ். நீங்கள் மறுத்தால் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி: இங்கே டெபாசிட் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் வீட்டுக்காரர் பையில் வைத்துக்கொள்ள முடியாது, 30 வேலை நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் கட்டிவிட வேண்டும். ஏஜென்ட் கமிஷன் என்று வாடகைதாரரிடம் வாங்குவது சட்டவிரோதம். இங்கிலாந்தில் வாடகைக்குப் போகும்போது விசாவைச் சரிபார்ப்பார்களே, அந்தச் சட்டம் ஸ்காட்லாந்தில் இல்லை.

எல்லாம் சரி, வீடு எங்கே? இந்த வழியின் சிக்கலே அதுதான். விளம்பரத்துக்கு வருவதே சில வீடுகள், மற்றவை வருமுன்பே போய்விடும். "யாரோ ஒருவரின் அத்தை வீடு காலியாகப்போகிறது" என்று கேன்டீனில் காதில் விழுவதுதான் உண்மையான சந்தை.

மறைவான செலவு எரிபொருள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வீடு மேற்குக் கரையில், கடலைப் பார்த்த கல் வீடு. வாடகை குறைவு, ஜன்னலைத் திறந்தால் அட்லாண்டிக். எரிசக்திச் சான்றிதழில் (ஏ என்றால் சிறந்தது, ஜி என்றால் மோசம்) எஃப் என்று போட்டிருந்ததை நான் படிக்கவே இல்லை. எண்ணெய் லாரி ஒரு தடவைக்குக் குறைந்தது 500 லிட்டர் என்றார்கள், ஊற்றினோம். வெளியே நிற்கும் பச்சைத் தொட்டியில் அளவு காட்டும் சின்ன மிதவையை வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஏழாவது வாரம் அது அடியில் உட்கார்ந்திருந்தது. அந்த ஜனவரியில் நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில் குடியிருந்தோம். மற்ற இரண்டு அறைக்கும் வாடகை மட்டும் கொடுத்தோம்.

அதனால் எந்த வீட்டுக்கும் வாடகையோடு எரிபொருளைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சான்றிதழில் சி வாங்கிய வீடு மாதம் 100 பவுண்டு கூடுதலாக இருந்தாலும், எஃப் வாங்கியதைவிட வருஷக் கணக்கில் மலிவாகவே முடியலாம். போன குளிர்காலத்து எண்ணெய் ரசீதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், இங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

## குளிர்கால வாடகை

விடுமுறை வீட்டுக்காரர்கள் சிலர் அக்டோபரிலிருந்து மார்ச் வரை மட்டும் வாடகைக்கு விடுவார்கள். தட்டு முதல் தலையணை உறை வரை எல்லாம் இருக்கும், பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். ஈஸ்டர் நெருங்கினால் கிளம்பிவிட வேண்டும்.

இதில் ஒரு சட்டச் சிடுக்கு உண்டு. உங்களுக்கு வேறு வீடே இல்லை, குடியிருப்பது இங்கேதான் என்றால், காகிதத்தில் "ஆறு மாதம்" என்று எழுதியிருந்தாலும் அது முடிவுத் தேதியில்லாத சாதாரண வாடகையாகக் கருதப்பட வாய்ப்பு இருக்கிறது. வீட்டுக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் பலர் விடாமலே பூட்டி வைக்கிறார்கள். விடுபவர் உங்களை நம்பித்தான் விடுகிறார். சட்டம் நம் பக்கம் என்று ஏப்ரலில் உட்கார்ந்துகொண்டால் நீங்கள் ஜெயிக்கலாம். 26 ஆயிரம் பேர் மட்டுமே வாழும் மேற்குத் தீவுகளில் அதற்கடுத்த வீட்டை உங்களுக்கு யார் தருவார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் வந்து இறங்குபவருக்கு இது அருமையான பாலம். மே மாதம் வருபவருக்கு இந்த வழியே கிடையாது.

## வீடு வாங்குவது

லண்டன் விலையைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இங்குள்ள விலை மயக்கம் தரும். தெற்கே கார் நிறுத்தும் இடத்துக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே தோட்டத்தோடு வீடு என்று ஒருவர் என்னிடம் சொன்னார். கொஞ்சம் மிகை, ரொம்ப மிகையில்லை.

வாங்கும் முறை இங்கிலாந்திலிருந்து மாறுபட்டது, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. விற்பவரே ஹோம் ரிப்போர்ட் எடுத்துத் தர வேண்டும் (2008 முதல் கட்டாயம்). அதில் சர்வேயரின் ஆய்வு, மதிப்பு, எரிசக்தி அறிக்கை, விற்பவர் நிரப்பிய கேள்வித்தாள் எல்லாம் இருக்கும். பழுதுகளை 1, 2, 3 என்று தரம் பிரித்திருப்பார்கள். 3 என்றால் உடனே கவனிக்க வேண்டியது. நீங்கள் தரத் தயாரான விலையை உங்கள் சார்பில் சொலிசிட்டர் என்ற வழக்கறிஞர்தான் எழுத்தில் தெரிவிப்பார். இரு தரப்புக் கடிதங்களும் ஒத்துப்போய் முடிவானால் பேரம் சட்டப்படி இருவரையும் கட்டிப்போடும், அதற்குப் பிறகு யாரும் பின்வாங்க முடியாது.

இனி மறைவான செலவுகள். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

விளம்பரத்தில் "இத்தனைக்கு மேல்" என்று போட்டிருந்தால், பலர் போட்டியிட்டால் கடைசி நாள் ஒன்றைக் குறிப்பார்கள். எல்லோரும் மூடிய உறைபோல ஒரே ஒரு விலை எழுதித் தர வேண்டும், அடுத்தவர் எழுதியது உங்களுக்குத் தெரியாது. வங்கி கடன் தருவதோ ஹோம் ரிப்போர்ட்டில் உள்ள மதிப்பை வைத்து. மதிப்பு 1,80,000, நீங்கள் எழுதியது 1,92,000 என்றால், வழக்கமான முன்பணத்துக்கு மேல் அந்த 12,000-மும் உங்கள் கைக்காசு.

அடுத்தது ஊரில் இருக்கும் வீடு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஸ்காட்லாந்தில் வீடு வாங்கும்போது கட்டும் வரியில் 1,45,000 பவுண்டு வரை பூஜ்யம், அதற்கு மேல் 2,50,000 வரையுள்ள பகுதிக்கு 2 சதவீதம். 1,80,000 வீட்டுக்கு 700 பவுண்டுதான். ஆனால் உங்களுக்கு உலகத்தின் எந்த மூலையிலாவது 40,000 பவுண்டோ அதற்கு மேலோ மதிப்புள்ள வீடு ஏற்கெனவே இருந்தால், கூடுதல் வீட்டு வரி சேரும். 2024 டிசம்பர் 5 முதல் அது 8 சதவீதம், அதுவும் முழு விலைக்கு. ரூபாய்க் கணக்கில் அந்த வரம்பைத் தாண்டும் எந்த மடிப்பாக்கம் ஃப்ளாட்டும் இதில் விழும். அப்போது அதே வீட்டுக்கு 14,400 கூடுதலாக, மொத்தம் 15,100 பவுண்டு. "ஃப்ளாட் என் பெயரில் இல்லை, அவர் பெயரில்தான்" என்பதெல்லாம் எடுபடாது, கணவனையும் மனைவியையும் ஒன்றாகத்தான் பார்ப்பார்கள். அண்மைவரை நீங்களே குடியிருந்த வீடாக இருந்து, அதை 36 மாதத்துக்குள் விற்றுவிட்டால் திரும்பக் கேட்க வழி உண்டு. அப்பாவின் வீட்டில் பங்கு இருந்தால்கூட முதல் சந்திப்பிலேயே சொலிசிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, வங்கி. விசாவில் இருப்பவரிடம் சில வங்கிகள் கூடுதல் முன்பணம் கேட்கும், சில விசாவில் எத்தனை மாதம் மீதி என்று பார்க்கும். வீடு கட்டிய முறையையும் பார்ப்பார்கள். ஹைலேண்ட்ஸிலும் தீவுகளிலும் டோரன் என்ற வார்ப்புக் கான்கிரீட் பலகை வீடுகள் உண்டு. விலை குறைவாகத் தெரியும், ஆனால் கடன் கிடைப்பது கஷ்டம். நிரந்தரக் குடியிருப்புரிமைக்கான ஐந்தாண்டுக் கணக்கைப் பத்தாக்கப்போவதாக பிரிட்டன் அரசு 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் சொன்னதையும் மனதில் வையுங்கள். விசா தொங்கலில் இருக்கும்போது 25 வருடக் கடன் எடுப்பது தைரியமா அசட்டுத் தைரியமா என்பது உங்கள் குடும்பக் கணக்கு.

வீடு பார்க்கப் போகும்போது: வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியைத் திறந்து, உள்ளே கையை விட்டுச் சுவரைத் தொடுங்கள். ஈரம் பெயிண்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், துணி அலமாரியில் ஒளியாது. தென்மேற்கு ஜன்னல் சட்டங்களை அழுத்திப் பாருங்கள், காற்றும் மழையும் பெரும்பாலும் அங்கேயிருந்துதான் வரும். கழிவுநீர்த் தொட்டி யாருடையது, பக்கத்து வீட்டோடு பொதுவா? பிரதான சாலையிலிருந்து வீட்டுக்கு வரும் மண்பாதையை யார் பராமரிப்பது? ஒரு பக்கக் குறிப்பு: 2022 பிப்ரவரி முதல் ஸ்காட்லாந்து வீடுகளில் புகை, வெப்ப அலாரங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்க வேண்டும். சமையலறையும் வரவேற்பறையும் ஒன்றாக இருக்கும் வீட்டில் கடுகு தாளித்தால் மொத்த வீடும் அலறும். கதவு வைத்த சமையலறைக்கு நான் தனி மதிப்பெண் போடுவேன்.

ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டை வாங்கிச் சீர்செய்வது இதன் கிளை வழி. இரண்டு வருடத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்த வீடு என்றால், ஒப்பந்தக்காரர் செய்யும் வேலைக்கு வாட் என்ற விற்பனை வரி 20 சதவீதத்துக்குப் பதில் 5 சதவீதம்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கூரை வேலைக்காரர் எப்போது வருவார் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

## கிராஃப்ட்

எல்லோரும் கனவு காண்பது இதைத்தான். கடலோரம் நாலைந்து ஏக்கர், வெள்ளைச் சுவர் வீடு, ஆடு, உருளைக்கிழங்குப் பாத்தி. விளம்பரத்தில் கிராஃப்ட் என்று பார்த்தால் நம்மவர்கள் பண்ணை வீடு என்று எண்ணிக்கொள்கிறார்கள். கிராஃப்ட் என்பது நிலம், அதுவும் தனிச் சட்டத்தின் கீழுள்ள நிலம். வீடு அதன் மேல் நிற்கும் ஒரு பொருள்தான்.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் வலி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலப்பிரபுக்கள் ஆடு மேய்க்க இடம் வேண்டுமென்று குடியானவர்களை ஊர் ஊராகத் துரத்தினார்கள். ஆண்டுக்கணக்கில் போராட்டம் நடந்தபின் 1886-ல் வந்த சட்டம், வாடகை கட்டி நிலத்தைப் பயன்படுத்தும்வரை கிராஃப்டரை வெளியேற்ற முடியாது என்றது. நம் ஊர்க் குத்தகைச் சட்டங்களை அறிந்தவர்களுக்கு இதன் உணர்ச்சி உடனே புரியும்.

அந்த உரிமையோடு கடமைகளும் வரும். கிராஃப்டிலிருந்து 32 கிலோமீட்டருக்குள் வசிக்க வேண்டும். நிலத்தைப் பாழாக விடக் கூடாது, பயிரோ மேய்ச்சலோ ஏதாவது நடக்க வேண்டும். கடமையைச் செய்கிறீர்களா என்று கிராஃப்டுகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான கிராஃப்டிங் கமிஷன் ஆண்டுதோறும் படிவம் அனுப்பிக் கேட்கும். குத்தகையை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றவும் கமிஷனின் அனுமதி தேவை, அதற்கு மாதங்கள் ஆகும். நிலக் குத்தகை வருஷத்துக்குச் சொற்பம்தான், குத்தகை உரிமையை வாங்கும் விலைதான் சொற்பமல்ல.

பணப் பக்கம் இப்படி: கிராஃப்ட் குத்தகையிலுள்ள நிலத்தின் மேல் நிற்கும் வீட்டுக்கு வங்கிகள் பொதுவாகக் கடன் தராது. வீடு நிற்கும் மனையை மட்டும் கிராஃப்ட் சட்டத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். டிக்ராஃப்ட் என்பார்கள். "டிக்ராஃப்ட் செய்யப்பட்ட வீடு" என்று விளம்பரத்தில் இருந்தால் அது சாதாரண வீடுதான், முந்தைய பகுதியைப் படியுங்கள். "கிராஃப்ட் குத்தகையும் வீடும்" என்று இருந்தால், கிராஃப்ட் வழக்குகள் தெரிந்த சொலிசிட்டரிடம் போங்கள். எடின்பரோவில் இருக்கும் நண்பரின் நண்பர் வேண்டாம்.

விசாப் பக்கம் இன்னும் இறுக்கம். ஸ்பான்சர் விசாவில் சொந்தத் தொழில் செய்யும் வழி மிகக் குறுகியது. ஆட்டுக்குட்டியை விற்பது, தோட்டத்தில் மரக்குடில் போட்டுப் பயணிகளுக்கு விடுவது போன்றவற்றைத் தொடுமுன் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள். பாட்டி இறந்தார் என்று ஊருக்குப் போய் மூன்று மாதம் தங்கினால் ஆட்டை யார் பார்ப்பார்கள் என்பதும் சட்டமில்லாத ஆனால் நிஜமான கேள்வி.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: முதல் ஐந்து வருடத்தில் கிராஃப்ட் வேண்டாம். அந்தக் கிராமத்தில் பிறந்து கிளாஸ்கோவில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகள் அதே நிலத்துக்கு ஏங்கிக்கொண்டிருப்பார்கள். நிலத்தை உண்மையாகவே உழைத்து வைத்துக்கொள்பவரை, எங்கிருந்து வந்தாலும், கிராமம் சேர்த்துக்கொள்ளும். பொது மேய்ச்சல் நிலத்தில் ஆடு ஒன்றுசேர்க்கும் நாளில் பூட்ஸ் போட்டுக்கொண்டு போய் நின்றால் போதும். படம் எடுக்க மட்டும் கிராஃப்ட் வாங்குபவரை அது மறக்காது.

## கவுன்சில் வீடு பற்றி ஒரு வரி

பொது நிதி பெற உரிமையில்லை என்று விசாவில் போட்டிருந்தால், கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) வீட்டு ஒதுக்கீடும் வீடற்றோர் உதவியும் உங்களுக்கு இல்லை. நிரந்தரக் குடியிருப்புரிமை வந்தபின் வரிசையில் நிற்கலாம்.

## ஒரே பார்வையில்

| | வேலை போனால் கூரை | குளிர்காலச் செலவு | நுழைய | வெளியேற | கவனிக்காமல் விடுவது |
|---|---|---|---|---|---|
| வேலையோடு வரும் வீடு | ஒப்பந்தத்தில் உள்ள நாள்கள்தான் | பெரும்பாலும் வாடகையிலேயே | உடனே | உடனே | குடும்பத்துக்கு இடம் |
| நீண்டகால வாடகை | வாடகை கட்டும்வரை | வீட்டைப் பொறுத்து, மிக மாறும் | அதிர்ஷ்டம் | 28 நாள் | எரிசக்திச் சான்றிதழ் |
| குளிர்கால வாடகை | மார்ச் வரை | யார் கட்டுவது என்று கேட்டே ஆக வேண்டும் | சில வாரம் | தானாகவே | ஏப்ரலில் எங்கே? |
| சொந்த வீடு | கடன் தவணை கட்டும்வரை | உங்கள் கையில் | சில மாதம் | விற்கும்வரை | ஊரிலுள்ள வீட்டுக்கான 8 சதவீதம் |
| கிராஃப்ட் | உறுதி, கடமையோடு | பீட் வெட்ட ஆள் இருந்தால் குறையும் | பல மாதம் | பல மாதம், அனுமதியோடு | 32 கிலோமீட்டர், விசா |

## யாருக்கு எது

தனியாக, முதல் தடவை வருபவர்: வேலையோடு வரும் வீடு, கண்ணை மூடிக்கொண்டு. ஆனால் முதல் மாதத்திலிருந்தே அடுத்த வீட்டைத் தேட ஆரம்பித்துவிட வேண்டும்.

குழந்தையோடு வருபவர்: முடிந்தால் ஒருவர் முன்னே வந்து, டவுனிலோ பேக், டாங் போன்ற பக்கத்து ஊர்களிலோ நீண்டகால வாடகை பிடித்தபின் மற்றவர்களை அழைப்பது நல்லது. பள்ளி, டாக்டர், கடை எல்லாவற்றுக்கும் கார் வேண்டிய ஊரில் முதல் குளிர்காலத்தை ஆரம்பிக்காதீர்கள்.

வீட்டிலிருந்தே கணினி வேலை செய்பவர், விசாக் கவலை இல்லாதவர்: தூரம் உங்களுக்கு எதிரியல்ல. நெஸ்ஸோ, மேற்குக் கோடியிலுள்ள ஊய்கோ, எங்கே வேண்டுமானாலும் போகலாம். அந்த முகவரிக்கு இப்போது என்ன இணைய வேகம் வருகிறது என்று மட்டும் பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள், வரைபடத்தை நம்பாதீர்கள்.

வாங்கியே தீருவேன் என்பவர்: ஒரு நவம்பர்–பிப்ரவரியை இங்கே வாடகையில் கழித்துவிட்டு வாங்குங்கள். ஜூன் மாதம் இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும்போது பார்த்த வீட்டுக்கு விலை எழுதக் கூடாது.

## தேடும் வழி

ஸ்டோர்னோவேயின் சொலிசிட்டர் அலுவலகங்களே வீடு விற்கும் ஏஜென்டுகளும்கூட. அவர்கள் ஜன்னலையும் இணையதளத்தையும் வாரம் ஒருமுறை பாருங்கள். வாடகைக்கு உள்ளூர் முகநூல் குழுக்கள், கடை அறிவிப்புப் பலகை, கூட வேலை செய்பவர்களின் வாய். "வீடு தேடுகிறேன்" என்று பொதுவாகச் சொல்லாமல், எத்தனை பேர், எந்த மாதத்திலிருந்து, எங்கே வேலை என்று மூன்று வரியில் சொல்லுங்கள். வீட்டுக்காரரின் பெயர் ஸ்காட்லாந்து வீட்டுரிமையாளர் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிடலாம், காசு இல்லை. வீட்டைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பவே கூடாது. நீங்கள் இன்னும் ஊரில் இருந்தால், இங்கே வேலை செய்யும் யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நம்மவர்கள் ஒருவர் இருவராவது இருப்போம், அரை மணி நேர வேலைதான்.

அந்த நர்ஸ் தங்கை கடைசியில் மருத்துவமனை அறையில் இறங்கினார். பத்தாவது வாரம், கூட வேலை பார்க்கும் ஒருவரின் பெரியம்மா வீட்டு மாடிப் பகுதி காலியானது. எண்ணெய் ரசீது கேட்டாராம். ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து கொட்டினார்களாம்.

இன்னொன்று: வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது கிறிஸ்தவ ஓய்வுநாள், அன்றைக்கு இங்கே பல வீடுகளில் கொடியில் துணிகூடக் காயப்போட மாட்டார்கள்.